தாழ்ப்பாளில் ஒரு கை

பதினோரு நாளாக பொகுஸ்லாவின் திருடன்
தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறான்.
கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுகிறது.
அதை எழுதியவள் நான்தான்.
எழுதும்போது நல்ல வரி என்றுதான் பட்டது.

கெமி நகரில் இரவு இரண்டு மணி.
பனி வாரும் வண்டிகளை அனுப்பும் மேசை எனக்கு.
எட்டு வண்டிகள், ஒரு வயர்லெஸ், சுவர் முழுக்க வரைபடம்.
ஓரத்துச் சின்னத் திரையில் என் ஆட்டம்:
நான்கு பேர், பூமிக்குள் புதைந்த ஒரு நகரம், இரண்டரை வருடம்.
யாரும் யார் குரலையும் கேட்டதில்லை.
எழுதுகிறோம், பகடை உருட்டுகிறோம், அவ்வளவுதான்.

ந்தாபேவா விண்ட்ஹூக்கில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
சாப்பாட்டு வேளையில் எழுதுவாள்.
இட்சாசோ மீன் ஏலம் முடிந்த கையோடு;
அவன் எழுத்துப் பிழைகளில் செதில் ஒட்டியிருக்கும்.
ஹினேமோவா இருக்கும் கிஸ்போர்னில்
என்னுடைய மதியம் எனக்கு முன்பே வந்துவிடும்.
பொகுஸ்லாவ் ப்ர்னோவில் டிராம் ஓட்டுகிறான்.
கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம் நிற்கும் வண்டி.
அந்த ஆறு நிமிடத்தில், கட்டைவிரலால்,
நான் படித்ததிலேயே அழகாகப் பொய் சொல்லும் திருடன்.

முதல் வருடம் எனக்கு ஒன்றும் தெரியாது.
'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன்.
நீ முதலில், நீ முதலில் என்று
நான்கு மௌனங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும்.
ஒரு சத்திரத்துக் காட்சி ஏழு வாரம் ஓடியது.
பரிமாறிய கஞ்சி பாசி பிடித்தது.
இலை உதிரும்போது ஓங்கிய வாள்
பனி உருகிய பிறகுதான் இறங்கியது.

பட்டுத் தெரிந்துகொண்டேன்.
கேள்வியைக் கூட்டத்தில் வீசாதே, பெயர் சொல்லிக் கேள்.
எதிரியின் பகடையை முன்பே உருட்டி வைத்திரு.
ஓநாய் பாய்ந்தால் என்ன, ஓடினால் என்ன,
இரண்டு பதிலையும் ஒரே மூச்சில் வாங்கிவிடு.
மூன்று நாள் வாய் திறக்காதவரின் ஆளை
நானே நகர்த்துவேன்,
அவர் செய்யக்கூடியதை மட்டும்,
இரவல் சட்டையைக் கசங்காமல் போட்டுக்கொள்வதுபோல.

அந்த விதியையும் எழுதியவள் நான்தான்.
பதினோரு நாள்.

சாயங்காலம் ந்தாபேவா தனியாகச் சொன்னாள்:
'அவனை வெளியே அனுப்பிவிடு. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.'
காணாமல் போகிறவர்களை அங்கேதான் அனுப்புவோம்.
எங்கள் குதிரைகளுக்கு இதுவரை ஆறு காவலர்கள்.
திரும்பி வந்தது ஒரே ஒருவர்,
அதுவும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக.

வயர்லெஸ்ஸில் ஒஸ்மோ, மூன்றாம் வண்டி:
'துறைமுகச் சாலை திரும்பவும் மூடிவிட்டது.
ஒரு மணி நேரம் முன்னால்தான் வாரினேன்.'
மறுபடி வாரு என்றேன்.
'இந்நேரத்துக்கு யார் வரப்போகிறார்கள்?'
தெரியாது. வாரு.

பிறகு திரையை அருகே இழுத்து எழுதினேன்:
திருடனின் உள்ளங்கைக்குள்ளேயே
தாழ்ப்பாள் தானாக நகர்கிறது. கதவை
அந்தப் பக்கத்திலிருந்து எதுவோ திறக்கிறது.
காற்று. ஹினேமோவா, உன் விளக்கு அணையப் போகிறது.
எண்ணெய் தீர்ந்துவிட்டது. என்ன செய்கிறாய்?

அவனை நான் தொடவில்லை.
கதவைத்தான் தொட்டேன்.

நான்கு நிமிடத்தில் பதில்:
'திருடனின் பையில் கைவிட்டுத் தேடுகிறேன்.
எல்லாம் வைத்திருப்பான் அவன்.'

அவன் பொருட்பட்டியலைத் திறந்தேன்.
திருட்டுச் சாவி ஒன்பது. நூல்கண்டு.
யாருடையதோ ஒரு மோதிரம்.
அதற்குக் கீழே, போன மார்ச்சில்,
எந்தக் காட்சிக்கும் தேவைப்படாத ஒரு நாளில்
அவனே எழுதி வைத்தது:
விளக்கெண்ணெய், அரைக் குப்பி.

இருக்கிறது என்று எழுதினேன்.
வெளியே ஒஸ்மோவின் மஞ்சள் விளக்கு
துறைமுகம் பக்கம் சுழன்றுகொண்டு போனது.